ஆறுமுகநேரியிலிருந்து ஜெனீவாவுக்கு

போனை எடுத்ததும் என்ன நடந்தது என்று அவர் கேட்க மாட்டார். இந்த போன் யாருடையது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், பேச்சு அறுந்தால் திரும்பக் கூப்பிடலாமா கூடாதா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் பெயர், ஊர், சம்பவம். மியான்மரின் ராணுவச் சோதனைச் சாவடிகளில் பையைக் கிளறுவதற்கு முன்பே போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். இந்திய எண்ணிலிருந்து வந்த ஓர் அழைப்பு அதில் பதிவாகியிருந்தால், ஆளை விசாரணைக்கு இழுத்துப் போக அதுவே போதும். கேட்பவரின் ஆர்வத்தை அடக்கிவிட்டு, சொல்பவரின் ஆபத்தை முதலில் அளந்துகொள்ள வேண்டும். தன்னிடம் வேலை பழக வரும் இளைஞர்களுக்கு அவர் சொல்லித்தரும் முதல் பாடம் இது.

ஆறுமுகநேரியில் அவரை ‘பர்மா டீச்சர்’ என்பார்கள். திருச்செந்தூர் ரயில் நின்று போகும் ஊர். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சாகுபுரம் ரசாயன ஆலை, கூப்பிடு தூரத்தில் காயல்பட்டினம். பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்த பெண்மணிக்கு இன்று எழுபது வயதாகிறது. ராணுவ ஆட்சியில் சிக்கிய ஒரு நாட்டு மக்களின் வாக்குமூலத்தை எடுத்து, சரிபார்த்து, மொழிபெயர்த்து, உலகத்தின் விசாரணை அமைப்புகள் ஏற்றுக்கொள்ளும் வடிவில் அனுப்புவதுதான் அவருடைய இன்னொரு வேலை என்பது தெருவில் பலருக்குத் தெரியாது. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் பேசியவர்களின் குடும்பங்கள் இன்னும் மியான்மருக்குள் இருக்கின்றன.

அவர் பிறந்தது இன்று யாங்கூன் எனப்படும் ரங்கூனில். கடலோரத்து ஊர்களிலிருந்து ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பிழைக்கப் போவது அந்தத் தலைமுறைக்குத் திருநெல்வேலிக்குப் போய்வருவதைப் போல. 1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அவர் தமிழும் பர்மிய மொழியும் கலந்து பேசும் சிறுமி. ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாணவர் சங்கக் கட்டடம் மறுநாள் காலை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அந்த ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டியில் சேர்த்துவைத்த பணம் ஒரே நாளில் வெறும் காகிதமானது. அந்த ஆண்டுகளில் பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 1,44,000 பேர் வந்து சேர்ந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று.

அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. முகாம் வைத்தது, கடனுதவி கொடுத்தது, தாயகம் திரும்பியோருக்கென்று 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் முளைத்தது. ஆனால் எதை இழந்துவிட்டு வந்தார்கள் என்பதை யாரும் ஆளாளுக்கு உட்காரவைத்து முறையாக எழுதி எடுக்கவில்லை. எந்தத் தெருவில் எந்தக் கடை, எந்த அதிகாரி வந்து பூட்டினான், சரக்கின் மதிப்பு என்ன, அடித்தார்களா, யார் காணாமல் போனார் என்பவையெல்லாம் வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே இருந்து, பேசியவர்களோடு போய்விட்டன. அவருடைய அப்பாவின் கடைக்கும் ரசீது கிடையாது. இந்த வேலைக்குத் தான் வந்ததற்கு அதுதான் வேர் என்கிறார்.

வேலையைப் பழகியது மண்டபம் அகதி முகாமில். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகுகள் ராமேசுவரத்துக்கு வரத் தொடங்கின. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை 1984இல் சந்திரஹாசன் தொடங்கினார். முகாம்களில் எழுதத் தெரிந்த ஆட்களுக்குத் தட்டுப்பாடு. இவர் விடுமுறை நாட்களில் போய்ப் பட்டியல் எழுதினார். பெயர், தகப்பன் பெயர், ஊர், கடைசியாகப் படித்த பள்ளி, வந்த படகு, உடன் வந்தவர், வராதவர். ரேஷனுக்காக எடுத்த பட்டியல் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். போர் முடிந்து 2009க்குப் பிறகு ஊர் திரும்ப நினைத்தவர்களிடம், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று எங்கே, பெற்றோர் இலங்கைக் குடிமக்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேள்வி வந்தபோது, பழைய பதிவுகள் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தது என்பதை அவர் நேரில் பார்த்தார்.

1988 ஆகஸ்ட் 8ஆம் தேதி பர்மா முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பர் 18ஆம் தேதி ராணுவம் மறுபடியும் நேரடியாக ஆட்சியை எடுத்துக்கொண்டது. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டினார்கள். இந்தியா அப்போது அவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்தது. மணிப்பூரிலும் மிசோரமிலும் முகாம் அமைத்தது. டெல்லிக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். பர்மிய மொழி தெரிந்த இந்தியர் என்றால் யார்? பாதிப் பேர் சென்னையில் பர்மா பஜாரிலும் வியாசர்பாடியிலும் கடை போட்டிருந்தார்கள். ஒரு சிநேகிதி மூலமாக இவருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

டெல்லி அவருக்கு வேறொரு பள்ளிக்கூடம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையம் ஒருவரை அகதி என்று ஏற்று அட்டை கொடுத்தாலும், அந்த அட்டை காவல் நிலையத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பொறுத்தது. அந்த அட்டைக்கான நேர்காணல்தான் ஒருவரின் தலையெழுத்து. ஒரு சின் இனத்துப் பெண் தன் கிராமத்தைச் சிப்பாய்கள் எரித்த நாளைச் சொல்கிறாள். அதிகாரி தேதி கேட்கிறார். அவளுக்குத் தேதி தெரியாது. ‘பொய் சொல்கிறாள்’ என்று குறிப்பெழுத அந்த ஒரு இடம் போதும். டீச்சர் வேறு வழியில் போவார். நிலவு எப்படி இருந்தது? நெல் அறுத்தாயிற்றா? விளக்குத் திருவிழாவுக்கு முன்பா பின்பா? பர்மியர்களின் ததிஞ்யூட் அக்டோபர் பௌர்ணமியில் வரும். பௌர்ணமியைக் கொண்டு நாள் எண்ணும் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தக் கணக்கைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. பேசப் பேச இரண்டு மூன்று நாட்களுக்குள் தேதி வந்து நின்றுவிடும்.

பெயரிலும் இதே தொல்லை. சர்வதேசப் படிவம் எதுவானாலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் ஒன்று, மகன் பெயர் வேறொன்று, மனைவியின் பெயரில் கணவனின் பெயர் ஒட்டுவதில்லை. படிவம் நிரப்பும் வெளிநாட்டு அலுவலர் பெயரின் கடைசித் துண்டை வெட்டி அந்தக் கட்டத்தில் போடுவார். அண்ணனும் தம்பியும் இரண்டு குடும்பத்தாராகிவிடுவார்கள். பிறகு குடும்பத்தோடு குடியேற விண்ணப்பிக்கும்போது உறவை நிரூபிக்கச் சொல்வார்கள். இனிஷியலோடு வாழும் தமிழருக்கு இந்த அவஸ்தை புதிதல்ல. ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் பெயரைப் பர்மிய எழுத்திலேயே முழுதாக எழுதி, கீழே பெற்றோர் பெயரைச் சேர்த்துவிடுவது அன்றைக்கு அவர் தொடங்கிய பழக்கம்.

தொண்ணூறுகளில் டெல்லியின் காற்று மாறியது. ‘கிழக்கு நோக்கு’ கொள்கை வந்தது. ரங்கூன் ராணுவத்தோடு வர்த்தகமும் எல்லைப் பேச்சும் தொடங்கின. மாணவர்களுக்கு முந்தைய வரவேற்பு இல்லை. அந்த மாணவர்களில் ஒருவரான சோ மியிண்ட், 1990 நவம்பரில் போலி வெடிகுண்டைக் காட்டித் தாய்லாந்து விமானம் ஒன்றைக் கல்கத்தாவுக்குத் திருப்பியவர், 1998இல் டெல்லியில் மிஸிமா என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். வழக்கிலிருந்து 2003இல் விடுதலையானார். விமானம் கடத்தியதை டீச்சர் ஒரு நாளும் சரியென்று சொன்னதில்லை. ஆனால் நாடு விட்டு வந்தவர்கள் செய்தியை ஆதாரத்தோடு எழுதப் பழகியது பிற்காலத்துக்கு எவ்வளவு உதவியது என்பதை அழுத்திச் சொல்கிறார்.

தாய்லாந்து எல்லையிலுள்ள மே சோட் நகரம்தான் இந்தத் தொழிலின் பட்டறை. முன்னாள் சிறைவாசிகள் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் அரசியல் கைதிகள் உதவிச் சங்கத்தை அங்கே தொடங்கினார்கள். டாக்டர் சிந்தியா மாங்கின் மே தாவ் மருத்துவமனை அதற்கும் முன்பே, 1989 முதல் நடந்துவந்தது. டீச்சர் அங்கே போய்த் தங்கி வேலை செய்த காலங்களில், சித்திரவதைக்கு ஆளானவரிடம் எப்படிப் பேசுவது என்பதைச் சிறைவாசிகளிடமிருந்தே கற்றார். அறையின் படத்தை வரையச் சொல்வார்கள். கதவு எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, காலடிச் சத்தம் எத்தனை படி இறங்கியது. கண்ணைக் கட்டி அழைத்துப் போனவரும் இதைச் சொல்ல முடியும். பத்துப் பேர் தனித்தனியாக வரைந்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் எந்தக் கட்டடம் என்று தெரிந்துவிடும். காயத்தை மருத்துவர் எப்படிப் பதிவுசெய்ய வேண்டும் என்பதற்கு 1999இன் இஸ்தான்புல் நெறிமுறை இருக்கிறது. ‘அடித்த காயம்’ என்று எழுதினால் பயனில்லை. நீளம், அகலம், நிறம், உடலில் இருக்கும் இடம், சொல்லும் காரணத்தோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுவரை எழுத வேண்டும்.

இன்னொன்றும் அங்கே புரிந்தது. ஒரே பெண்ணிடம் நான்கைந்து அமைப்புகள் மாறி மாறி வந்து அதே கொடுமையைச் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவள் உடைந்துபோனாள் என்பது ஒரு பக்கம். நான்கு வாக்குமூலத்தில் நான்கு சின்னச் சின்ன வேறுபாடுகள் விழுந்துவிட, நாளைக்கு ஒரு எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே ஆயுதம் என்பது மறு பக்கம். யாராவது முன்பே முழுமையாக எழுதியிருந்தால், தான் புதிதாக எழுதக் கூடாது என்பதில் டீச்சர் இன்றைக்கும் கறாராக இருக்கிறார். நிதி கொடுப்பவர்களுக்கு இது பிடிக்காது. எத்தனை பேரைப் பேட்டி கண்டாய் என்பதுதான் அவர்களுடைய அறிக்கையின் முதல் வரி.

2011க்குப் பிறகு மியான்மர் திறந்தது. சர்வதேச உதவிப் பணம் எல்லையை விட்டு யாங்கூனுக்கு நகர்ந்தது. நாடு திருந்திவிட்டது, இனி எல்லையில் என்ன வேலை என்றார்கள். முகாம்களின் ரேஷன் குறைந்தது, சிறு ஆவண மையங்கள் மூடின. அது அவசரப்பட்ட முடிவு என்று அவர் அன்றும் சொன்னார், இன்றும் சொல்கிறார். 2015 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி வென்ற பிறகும் ராணுவத்திடம் நாடாளுமன்றத்தின் கால்வாசி இடங்கள் இருந்தன. உள்துறை, பாதுகாப்பு, எல்லை விவகாரம் மூன்றும் அதன் கையில்தான். 2017 ஆகஸ்டில் தொடங்கிய ஒடுக்குமுறையில் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதைப் பற்றி எழுதிய ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இருவர் 500 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் யாங்ஹீ லீயை நாட்டுக்குள் விடவில்லை.

அந்த இருண்ட காலத்தில் நடந்த ஒரு காரியம் பிற்பாடு பெரிய துணையானது. 2018 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமை மன்றம் மியான்மருக்கான சுயேச்சை விசாரணை அமைப்பை உருவாக்கியது. 2011இலிருந்து நடந்த கடுமையான சர்வதேசக் குற்றங்களின் ஆதாரங்களைச் சேர்த்து, வழக்குக் கோப்பாகத் தயாரித்து வைப்பது அதன் பணி. வழக்கு நடத்தும் அதிகாரம் அதற்கு இல்லை; நடத்தும் நீதிமன்றத்துக்குக் கொடுக்கலாம். 2011க்குப் பிறகு என்று தொடக்கத்தைச் சொன்னார்களே தவிர, முடிவுத் தேதி குறிக்கவில்லை. ஆகவே 2021 பிப்ரவரி 1ஆம் தேதி விடிகாலையில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது, புதிதாக ஓர் அமைப்பைக் கேட்டுப் பாதுகாப்புக் கவுன்சிலில் சீனாவையும் ரஷ்யாவையும் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை. அலுவலகம் ஏற்கெனவே ஜெனீவாவில் திறந்திருந்தது. அந்த ஆண்டு நவம்பருக்குள் 2 லட்சத்துக்கும் அதிகமான தகவல்கள் தங்களுக்கு வந்ததாக அதன் தலைவர் நிக்கோலஸ் கூம்ஜியான் சொன்னார்.

அவ்வளவு தகவலில் எவ்வளவு பயன்படும்? டீச்சரின் பெரும்பாடு இங்கேதான். வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோயிருக்கும். போனில் இருக்கும் மூலக் கோப்பு வேண்டும். அதைக் கோப்பாகவே அனுப்ப வேண்டும். யார் எடுத்தார், யார் கைக்கு எப்போது போனது என்று வரிசையாகக் குறித்து வைக்க வேண்டும். 2020 இறுதியில் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறது. பையன்களுக்கு அவர் அதைச் சுருக்கித் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சம்மதத்தையும் தனித்தனியாகக் கேட்பார். ஐ.நா.வுக்குக் கொடுக்கலாமா? பத்திரிகைக்கு? நீதிமன்றத்துக்கு? ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றொன்றுக்கு மறுக்கலாம். நாளைக்கு மனம் மாறலாம். “அவங்க உயிரு, அவங்க கதை. நாம எழுதுத ஆளு, அவ்வளவுதான்” என்பார்.

தூத்துக்குடி மாவட்டத்துக்காரருக்கு இதெல்லாம் தூர தேசத்துக் கதை இல்லை. 2018 மே 22ஆம் தேதியும் மறுநாளும் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். மே 31ஆம் தேதி ஐ.நா.வின் மனித உரிமை நிபுணர்கள் ஜெனீவாவிலிருந்து கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். ஒன்பது நாளில் அது நடக்கிறதென்றால், இங்கே யாரோ இரவு பகலாகப் பெயரும் வயதும் குண்டு பாய்ந்த இடமும் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் பிடியில் சிக்கி இறந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாஜிஸ்திரேட் காவல் நிலையத்துக்கே போனார். தலைமைக் காவலர் ரேவதி பயத்தோடு இருந்தும் பார்த்ததைச் சொன்னார்.

மியான்மரில் இந்த வழிகள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தார்கள் என்பதை அவர் கேட்பவர்களுக்கு இப்படித்தான் விளக்குகிறார். மதுரைக் கிளை மாதிரி ஒன்று அங்கே இல்லை. 2021 மார்ச் நடுவில் யாங்கூனின் லைங் தாயா தொழிற்பேட்டையில் பலரைச் சுட்டுக் கொன்ற பிறகு ராணுவச் சட்டம் அறிவித்தார்கள். அங்கே ராணுவத் தீர்ப்பாயம், மேல்முறையீடு கிடையாது. கைதிகளுக்காக ஆஜரான வழக்கறிஞர்களையே கைதுசெய்தார்கள். மிஸிமா உட்பட ஐந்து ஊடகங்களின் உரிமத்தை மார்ச் மாதம் ரத்துசெய்தார்கள். 2022 ஜூலையில் முன்னாள் எம்.பி. பியோ ஸேயா தோ, மூத்த போராளி கோ ஜிம்மி உள்ளிட்ட நால்வரைத் தூக்கிலிட்டார்கள். உள்நாட்டில் கேட்க நாதியில்லாதபோதுதான் வெளிநாட்டு உதவி என்பது அலங்காரமாக இல்லாமல் அவசியமாகிறது.

அந்த உதவி உண்மையில் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது? நியூயார்க்கில் 2021 ஜூன் 18ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 119 நாடுகள் ஆதரவு, பெலாரஸ் எதிர்ப்பு, 36 நாடுகள் ஒதுங்கின. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் உண்டு. ஆசியான் நாடுகள் ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஐந்து அம்ச உடன்பாடு கண்டன. ராணுவம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மிசோரமில், தியாவ் ஆற்றைத் தாண்டி வந்தவர்களுக்குச் சர்ச்சுகளும் இளம் மிசோ சங்கமும் அரிசி கொடுத்தன. எல்லை மாநிலங்கள் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று மத்திய உள்துறை மார்ச் 10ஆம் தேதி எழுதியது. வருகிறவர்கள் எங்கள் ரத்த உறவு என்று முதலமைச்சர் சோரம்தங்கா பிரதமருக்கு எழுதினார். மணிப்பூர் அரசு முகாம் திறக்கக் கூடாதென்று ஒரு கடிதம் போட்டு, எதிர்ப்பு வந்ததும் மூன்றாம் நாள் திரும்பப் பெற்றது.

சட்டமும் இரண்டு பக்கமும் பேசியது. ஜம்முவில் பிடித்துவைக்கப்பட்ட ரோஹிங்கியாக்களை உரிய நடைமுறைப்படி நாடு கடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 8ஆம் தேதி இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள், மே 3ஆம் தேதி, மணிப்பூர் உயர் நீதிமன்றம் வேறு மாதிரி பார்த்தது. மூத்த வழக்கறிஞர் நந்திதா ஹக்ஸர் தொடுத்த வழக்கில், மிஸிமா செய்தியாளர்களையும் குழந்தைகளையும் கொண்ட 7 பேரைப் பாதுகாப்பாக டெல்லிக்கு அனுப்பி, ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுகவிட உத்தரவிட்டது. ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கோட்பாட்டை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள்ளேயே காணலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அதன் நகலை டீச்சர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். எல்லையில் பிடிபட்டவருக்காகப் பேசப் போகும் உள்ளூர் வழக்கறிஞர் எவருக்கும் முதலில் அனுப்புவது அதைத்தான்.

மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே என்ற ஊரைப் பற்றிப் பேசினால் அவர் குரல் மாறும். 1964க்குப் பிறகு தமிழ்நாட்டு முகாம்களில் பிழைக்க முடியாமல், நடந்தாவது பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று கிளம்பிய தமிழர்கள் எல்லையில் மறிக்கப்பட்டு அங்கேயே குடியேறிய ஊர். தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேசுவரி கோயில் உண்டு. 2021இல் எல்லை தாண்டி வந்தவர்களுக்குத் தமிழ் வீடுகள் சோறு போட்டன. மறுநாளே எல்லைக்கு அப்பால் தமு சந்தைக்குச் சரக்கெடுக்கப் போக வேண்டிய வியாபாரிகள் அவர்கள். ராணுவத்தையும் பகைக்க முடியாது, கிளர்ச்சிக்காரர்களையும் பகைக்க முடியாது. 2022 ஜூலை 5ஆம் தேதி மோரேயைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராணுவ ஆதரவு ஆயுதக் குழுவின்மேல் சந்தேகம் விழுந்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இரண்டு நாள் செய்தி. அடுத்த மே மாதம் மணிப்பூரே பற்றியெரிந்தபோது மோரேயும் தப்பவில்லை.

பணம் வரும் வழியைப் பற்றி எழுதாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதுவது முழுமையாகாது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி பெற்ற ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. முன்பு பெரிய அமைப்பு வாங்கி, எல்லையிலுள்ள சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். இப்போது அந்தச் சின்னக் குழு தானே அனுமதி பெற வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் நன்கொடையில் ஓட வேண்டும். மிசோரமில் சர்ச் உண்டியல்தான் ஓட்டியது. தாய்லாந்துப் பக்கம் வேறு கதை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், எல்லை முகாம்களில் அந்தப் பணத்தில் நடந்த மருத்துவ மையங்கள் சில நாட்களில் மூடின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாமில் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் தாய்லாந்து அமைச்சரவை முகாம் அகதிகள் வெளியே போய் வேலை செய்ய அனுமதித்தது. நாற்பது ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காதது, பணம் நின்றதும் கிடைத்தது.

ராணுவப் புரட்சி எங்கோ நடக்கிறது என்றிருந்த இந்தக் கடலோர ஊர்களுக்கு 2022இல் அது வீடு தேடி வந்தது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம், விமான டிக்கெட் இலவசம். பாங்காக்கில் இறங்கிய இளைஞர்களைக் காரில் ஏற்றி, எல்லையிலுள்ள மொய் ஆற்றைக் கடத்தி, மியான்மர் பக்கத்து மியாவடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆட்சி கவிழ்ப்புக்குப் பிறகு சட்டம் செத்துப்போன அந்தப் பகுதியில், ஆயுதக் குழுக்களின் காவலில், இணைய மோசடிக் கூடங்கள் நகரம் நகரமாக எழும்பியிருந்தன. முகம் தெரியாதவர்களிடம் பழகிப் பணம் பறிக்க வேண்டும். மறுத்தால் அடி, மின் அதிர்ச்சி. டீச்சரிடம் டியூஷன் படித்த ஒருவரின் அக்கா வந்து அழுதபோதுதான் அவருக்கே விஷயத்தின் பருமன் தெரிந்தது.

அவருடைய பழைய வேலைப்பழக்கம் அத்தனையும் அங்கே உதவியது. பையனுக்குத் தைரியம் சொல்லும் முன், கூடத்தின் சன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். கோபுரம், ஆற்றின் திசை, வாசல் பலகையின் எழுத்து. அந்தக் குறிப்புகளோடு குடும்பம் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் எழுதியது. அந்த அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பிறகும் வந்துகொண்டேயிருந்தார்கள், 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இரண்டே நாளில் 549 இந்தியர்கள் மே சோட் வழியாகத் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு இங்கே இன்னொரு பயம்: மோசடி செய்தவன் என்று வழக்கு வருமா? கடத்தப்பட்டு, அடித்து, செய்யவைக்கப்பட்ட குற்றத்துக்குக் கடத்தப்பட்டவனைத் தண்டிக்கக் கூடாது என்பது உலகம் ஏற்ற கொள்கை. அதைக் காட்டப் பையனுடைய பாஸ்போர்ட் பறிக்கப்பட்ட தேதி வேண்டும், அடிபட்ட தழும்பின் மருத்துவக் குறிப்பு வேண்டும், ஊருக்கு அனுப்பிய முதல் பதற்றமான குரல் பதிவு அழிக்கப்படாமல் வேண்டும். இதையெல்லாம், பையன் வந்து இறங்கிய வாரத்திலேயே எழுதிவிடச் சொல்கிறார் டீச்சர். ஆறு மாதம் போனால் வெட்கம் வந்து வாயை அடைத்துவிடும்.

மியான்மருக்குள் இருக்கும் தமிழர்களின் நிலை தனி. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் குடிமக்களைப் படிநிலையாகப் பிரித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தும் முழுக் குடியுரிமை அட்டை இல்லாத தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. உரிமையில் பாதி, கடமையில் முழுசு என்று பாகோவிலிருந்து ஒரு தகப்பனார் இவரிடம் சொன்னார். தப்பி வரும் பிள்ளைகளுக்கு இந்தியாவில் சட்டப்படியான அகதி நிலை கிடையாது, அங்கே திரும்பவும் முடியாது.

இத்தனை ஆண்டு எழுதியதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், அவர் மூன்று இடங்களைச் சொல்கிறார். காம்பியா தொடுத்த இனப்படுகொலை வழக்கு 2019இலிருந்து ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நடக்கிறது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் 2024 நவம்பரில் ராணுவத் தளபதி மின் ஆங் லைங்மேல் கைது ஆணை கேட்டார். அர்ஜென்டினாவில் எந்த நாட்டுக் குற்றத்தையும் விசாரிக்கலாம் என்ற சட்டத்தின்படி நடக்கும் வழக்கில் 2025 பிப்ரவரியில் கைது ஆணையே பிறந்தது. அந்த ஆணையில் ராணுவத் தளபதியோடு ஆங் சான் சூச்சியின் பெயரும் இருந்ததால் ரங்கூன் சிநேகிதர்கள் பலருக்குக் கோபம். ரோஹிங்கியாக்கள் சொன்னதை எழுதிய கை, சூச்சிக்காக ஒரு வரியையும் அடிக்க முடியாது என்று அவர்களுக்குப் பதில் எழுதினார்.

நீதிமன்றம் நெருங்க நெருங்கப் புதிய வேலை ஒன்று வந்திருக்கிறது. வாக்குமூலம் மட்டும் போதாது. அது எப்படி எடுக்கப்பட்டது, மொழிபெயர்த்தவர் யார், அவருக்கு அந்த வட்டார வழக்கு தெரியுமா என்றும் கேட்பார்கள். ஆகவே பழைய நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, உடனிருந்தவர், பேசிய மொழி என்று முகப்புத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறார். சின், கச்சின், அரக்கான் பேச்சுகளுக்கு ஆள் வேண்டும். பர்மிய மொழியை வீட்டில் பேசி வளர்ந்த தமிழர்கள் பர்மா பஜாரிலும் வியாசர்பாடியிலும் திருச்சியிலும் இன்னும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகள் அந்த மொழியை விட்டுவிட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுக்கத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்று முன்வர வேண்டும் என்று கேட்டுக் கடிதங்கள் எழுதிவருகிறார். ஒரு துறையிலிருந்து, பாடத்திட்டத்தின் மாதிரியை அனுப்பச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறார்.